கையால் போட்டுப் பார்க்கிற கணக்கு

(பொத்தேரியில் முதலாமாண்டுக் கல்லூரி மாணவர்களும் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை. பேச்சின் ஓட்டம் கெடாமல் அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)



"ப்ரோக்ராமிங் புதிதாகக் கற்பவர்கள் பயிற்சிக் கணக்குகளுக்கு எங்கே போவது?" என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. தலைப்பைக் கொடுத்த ஆசிரியர் கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார். "சார், வெறும் இணையதளப் பட்டியல் மட்டும் வேண்டாம். அது எங்கள் பிள்ளைகளிடம் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது" என்றார். உண்மைதான். இந்த அரங்கில் எந்த செல்போனை வாங்கிப் பார்த்தாலும், வாட்ஸ்அப்பில் யாரோ தள்ளிவிட்ட "டாப் 50 கோடிங் சைட்ஸ்" ஒன்று இருக்கும். அனுப்பியவரும் திறந்திருக்க மாட்டார், வாங்கியவரும் திறந்திருக்க மாட்டார்.

இருந்தாலும் சில பெயர்கள் வரத்தான் செய்யும். பெயர் சொல்லாமல் எப்படி வழி காட்டுவது? அதற்கு முன் ஒரு சல்லடையைக் கையில் தந்துவிடுகிறேன். எந்தப் பயிற்சிக் கணக்கைப் பார்த்தாலும் இதைக் கேளுங்கள்: கணினியைத் தொடாமல், தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு, இதன் விடையை ஒரு சின்ன உதாரணத்துக்காவது என்னால் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால், அது எவ்வளவு பெரிய கம்பெனி இன்டர்வியூவில் கேட்டதாக இருந்தாலும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இன்று நான் பேசப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

உங்கள் அப்பா அம்மா படித்த காலத்தில் நிலைமை வேறு. பயிற்சி என்றால் புத்தகம்தான். பாலகுருசாமி எழுதிய சி புத்தகம், யஷவந்த் கனேத்கரின் 'லெட் அஸ் சி', கொஞ்சம் துணிந்தவர்களுக்குக் கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் எழுதிய மூல நூல். அந்த நூலின் முதல் பக்கங்களிலேயே ஒரு வெப்பநிலை அட்டவணை வரும். 0 முதல் 300 வரை, இருபது இருபதாக, பாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்ற வேண்டும். சி மொழியில் ஐந்தை ஒன்பதால் வகுத்துவிட்டுப் பெருக்கினால் எல்லா வரியிலும் பூஜ்யம் வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்போது தசமப் பகுதியை அது வெட்டி எறிந்துவிடும். இதை எழுதிய பிள்ளை 32 டிகிரியை மட்டும் கொடுத்துச் சோதித்தால் பூஜ்யம் வரும். 'சரிதானே, தண்ணீர் உறையும் நிலை' என்று நிம்மதியாக ரெக்கார்ட் நோட்டை மூடிவிடும். 212-ஐக் கொடுத்துப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். கொதிநிலைக்கு 100 வர வேண்டிய இடத்தில் அப்போதும் பூஜ்யம்தான் நிற்கும்.

அந்தக் காலத்தில் கணக்கு இருந்தது, சரிபார்க்க ஆள் இல்லை. இன்றைக்குச் சரிபார்க்க நூறு இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் எந்த எண்ணைக் கொடுத்துச் சோதிப்பது என்று யோசிக்கிற வேலையையும் அந்த இயந்திரங்களிடமே விட்டுவிட்டோம். என் மனக்குறை இதுதான்.

இதை வெறும் வயசான ஆளின் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் ப்ரோக்ராமிங் பாடம் படித்திருந்த 216 மாணவர்களுக்குக் கணக்கிடும் கருவி போன்ற ஒரு ப்ரோக்ராமை எழுதச் சொன்னது. மொத்த மதிப்பெண் 110. சராசரி எவ்வளவு வந்தது தெரியுமா? 22.89. அதற்குப் பிறகு, 2004-இல், ரேமண்ட் லிஸ்டர் என்பவரும் கூட்டாளிகளும் ஏழு நாடுகளில் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்து பார்த்தார்கள். எழுதச் சொல்லவில்லை. சின்னச் சின்ன ப்ரோக்ராம் துண்டுகளைக் கொடுத்து, இது ஓடி முடிக்கும்போது இந்த வேரியபிளில் என்ன இருக்கும் என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். கணிசமான மாணவர்கள் அங்கேயே தடுக்கி விழுந்தார்கள். படித்துப் புரிந்துகொள்ளவே வராதவருக்கு எழுத எப்படி வரும்?

நம் லேப்களில் இதற்கு 'ட்ரை ரன்' என்று பெயர். தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, லூப் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் மதிப்பு என்ன ஆகிறது என்று எழுதிக்கொண்டே போவது. எல்லா ஆசிரியரும் சொல்வார்கள். எக்ஸ்டர்னல் வந்து வைவாவில் கேட்கும் வரை யாரும் செய்ய மாட்டார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட மலிவான, இதைவிட நல்ல பயிற்சி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் விடையோடு கொடுத்திருக்கும் ப்ரோக்ராமையே எடுத்துக்கொண்டு, விடைப் பகுதியைக் கையால் மறைத்துவிட்டு, அவுட்புட் என்ன வரும் என்று எழுதிப் பாருங்கள். பிறகு கையை எடுங்கள். பயிற்சிக் கணக்கு ஒன்று சும்மா கிடைத்துவிட்டதா இல்லையா?

இப்போது ஒரு கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். 'ப்ராஜெக்ட் ஆய்லர்' என்றொரு தளம் 2001 முதல் நடக்கிறது. காலின் ஹியூஸ் என்பவர் தொடங்கியது. அதன் முதல் கணக்கு உலகப் பிரசித்தம். பத்துக்குக் கீழே 3-ஆல் அல்லது 5-ஆல் வகுபடும் எண்கள் 3, 5, 6, 9. கூட்டினால் 23. அதேபோல 1000-க்குக் கீழே உள்ளவற்றின் கூட்டுத்தொகை என்ன? அவ்வளவுதான் கேள்வி.

ஒரு பிள்ளை எப்படி எழுதும்? மூன்றின் மடங்குகளை ஒரு லூப்பில் கூட்டும், ஐந்தின் மடங்குகளை இன்னொரு லூப்பில் கூட்டும், இரண்டையும் சேர்க்கும். தளத்தில் கொடுத்த உதாரணத்தைப் போட்டுப் பார்க்கும். பத்துக்குக் கீழே 23 வந்துவிடும். சந்தோஷம். 1000-ஐப் போட்டால் 266333 என்று வரும். அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் அடித்தால் தப்பு என்று சொல்லிவிடும். பிள்ளைக்குத் தலை சுற்றும். உதாரணத்துக்குச் சரியாக வந்ததே, பெரிய எண்ணுக்கு எப்படித் தப்பாகும்?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் யூடியூப்பைத் திறக்கிறார்கள். திறக்காதீர்கள். தாளை எடுங்கள். பத்துக்குப் பதிலாக 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் 3, 5, 6, 9, 10, 12, 15. கூட்டினால் 60. உங்கள் ப்ரோக்ராமிடம் 16-ஐக் கொடுங்கள். அது 75 என்று சொல்லும். 15 எங்கிருந்து கூடுதலாக வந்தது? அந்த வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 15 என்ற எண் மூன்றின் பட்டியலிலும் இருக்கிறது, ஐந்தின் பட்டியலிலும் இருக்கிறது, அதனால் இரண்டு முறை கூட்டப்பட்டுவிட்டது. பத்துக்குக் கீழே அப்படிப்பட்ட எண்ணே கிடையாது, ஆகவே தளம் கொடுத்த உதாரணம் அந்தத் தவற்றைக் காட்டவே காட்டாது. 1000-க்கான சரியான விடையை நான் சொல்லப்போவதில்லை. இன்று ராத்திரிக்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஆயிரம் வரை கையால் கூட்ட யாரும் சொல்லவில்லை. பதினாறு வரை கூட்டினால் போதும். அந்தப் பதினாறை யார் தேர்ந்தெடுத்தது என்பதுதான் பயிற்சி.

சரி, நீதிபதி வேலை செய்கிற தளங்களுக்கு வருவோம். 'கோட்செஃப்' 2009-இல் இந்தியாவில் தொடங்கியது. 'ஹேக்கர்ரேங்க்' திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் உருவாக்கியது. நம்மூர் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் 'ஸ்கில்ராக்' என்ற பெயரைக் கேட்காத பிள்ளை இருக்க முடியாது. டெய்லி சேலஞ்ச் முடித்துவிட்டாயா என்பது சாப்பிட்டாயா என்பது போன்ற விசாரிப்பாகிவிட்டது. இவற்றில் எந்தக் குறையும் இல்லை. ஒரு கணக்கைக் கொடுக்கும், நாம் எழுதியதை வாங்கிக்கொள்ளும், மறைத்து வைத்திருக்கும் டெஸ்ட் கேஸ்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்.

ஆனால் தீர்ப்பில் காரணம் இருக்காது. 'ராங் ஆன்சர்' என்று ஒரு வரி. எங்கே, எந்த எண்ணுக்கு என்று பெரும்பாலும் சொல்லாது. அனுபவசாலிக்கு அது போதும். தொடக்க நிலையில் இருப்பவர் என்ன செய்கிறார்? குறியை மாற்றி, ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் கழித்து, பச்சை விளக்கு எரியும் வரை திரும்பத் திரும்ப அழுத்துகிறார். எரிந்தபின் ஏன் எரிந்தது என்று கேட்டால் பதில் இல்லை. என் ஆலோசனை எளியது: இந்தத் தளங்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் சப்மிட் பட்டனை அழுத்துவதற்கு முன் நீங்களே மூன்று உதாரணங்களைக் கையால் போட்டு எழுதி வையுங்கள். ஒன்று சாதாரணமானது, ஒன்று மிகச் சிறியது, ஒன்று குதர்க்கமானது. அந்தக் குதர்க்கத்தை யோசிப்பதில்தான் மூளை வேலை செய்கிறது.

கையால் போடுவதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, பெரிய கோடர்களுக்கு எதற்கு என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. அவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிருந்து வண்டலூர் போய் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் சிறுசேரி வந்துவிடும். நம் செங்கல்பட்டு மாவட்டம்தான். அங்கே சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. அதன் பேராசிரியர் மாதவன் முகுந்த் நெடுங்காலம் இந்தியக் கணினி ஒலிம்பியாடின் தேசிய ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாட் 1989-இல் பல்கேரியாவில் தொடங்கியது. இந்தியா 2002 முதல் கலந்துகொள்கிறது. ஒரு நாட்டுக்கு நான்கு பிள்ளைகள். அந்த நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கும் படிக்கட்டின் முதல் படிகளில் ஒன்றாக இருந்தது எது தெரியுமா? மண்டலத் தகவலியல் ஒலிம்பியாட் என்ற எழுத்துத் தேர்வு. கணினி கிடையாது, ப்ரோக்ராமிங் மொழி தெரிய வேண்டிய அவசியம்கூடக் கிடையாது. தாள், பேனா.

அந்த வினாத்தாள்கள் எப்படி இருக்கும் என்றால், ஒரு கதை சொல்வார்கள்: ஒரு கட்டத்தில் எண்கள், அல்லது ஊர்களுக்கு நடுவே சாலைகள், அல்லது வரிசையில் நிற்கும் பெட்டிகள். ஒரு விதி சொல்வார்கள். பிறகு அதே கேள்விக்கு மூன்று உள்ளீடுகள் கொடுப்பார்கள். முதலாவதைக் குருட்டாம்போக்கில் முயன்றே கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவதற்கு வரும்போது அப்படிச் செய்தால் நேரம் போதாது. ஒரு முறையைக் கண்டுபிடித்தால்தான் முடியும். அந்த முறைதான் அல்காரிதம். பழைய வினாத்தாள்கள், போட்டியை நடத்தும் ஐ.ஏ.ஆர்.சி.எஸ். அமைப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே இடத்தில் ப்ரோக்ராம் எழுதி அனுப்பிச் சோதிக்கிற கணக்குகளின் தொகுப்பும், அல்காரிதம் பாடக் குறிப்புகளும் இருக்கின்றன. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புத் தம்பிக்கும் இது பொருந்தும், லேப்டாப் இல்லாத தங்கைக்கும் இது பொருந்தும். வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுகிறார் என்றால், வினாத்தாளை ஒருமுறை பிரின்ட் எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்குப் பயிற்சி ஓடும்.

மாதவன் முகுந்த் பைத்தானில் ப்ரோக்ராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம் மூன்றையும் சேர்த்து நடத்திய பாடம் என்.பி.டி.இ.எல். தளத்தில் இருக்கிறது. பாடத்தைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். சான்றிதழ் வேண்டுமா என்பதை உங்கள் கல்லூரி கிரெடிட் கணக்கு தீர்மானிக்கட்டும். நான் சொல்ல வருவது அதன் வாராந்திர அசைன்மென்ட்டுகளைப் பற்றி. அவற்றை நீங்களே போட்டால்தான் பயிற்சி. காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு அசைன்மென்ட் விடையை டெலிகிராமில் தேடுகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

இப்போது ஊருக்குள் வருவோம். நீங்கள் எதையும் டவுன்லோட் செய்யாமல் கிடைக்கிற கணக்குகள் இங்கே இருக்கின்றன.

முதலாவது மழை. யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சொலோவே 1980-களில் தொடக்க மாணவர்களைச் சோதிக்க ஒரு கணக்கைப் பயன்படுத்தினார். கணினிக் கல்வி ஆய்வில் இன்றுவரை அதற்கு 'மழைக் கணக்கு' என்றே பெயர். தினசரி மழை அளவுகள் ஒவ்வொன்றாக வரும். 99999 என்று வந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவரை வந்தவற்றின் சராசரியைச் சொல்ல வேண்டும். பின்னால் வந்தவர்கள், எதிர்மறை எண் வந்தால் அது பதிவுப் பிழை, விட்டுவிடு என்று ஒரு விதியையும் சேர்த்தார்கள். கேட்க எவ்வளவு சாது! எழுதச் சொன்னபோது ஏராளமான மாணவர்கள் கோட்டைவிட்டார்கள்.

வடகிழக்குப் பருவமழை வந்தால் நம் நாளிதழ்களில் தினமும் ஒரு பட்டியல் வருகிறதே, 'காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்' என்று தொடங்கி ஊர் ஊராக? அதை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு நானே சில எண்கள் தருகிறேன், மில்லிமீட்டரில்: 12, 0, 35, -4, 8, 99999, 50. கையால் போடுவோம். -4 தள்ளுபடி. 99999-க்குப் பிறகு வரும் 50 கணக்கிலேயே வராது. மிச்சம் 12, 0, 35, 8. கூட்டினால் 55. நான்கால் வகுத்தால் 13.75.

இனி எங்கெல்லாம் வழுக்கும் பாருங்கள். 99999-ஐயும் கூட்டிவிட்டு அப்புறம் நிறுத்துகிற ப்ரோக்ராம் உண்டு; அது செங்கல்பட்டைக் கடலுக்குள் அனுப்பிவிடும். பூஜ்யத்தை 'மழை இல்லைதானே' என்று விட்டுவிட்டு மூன்றால் வகுக்கிற ப்ரோக்ராம் உண்டு. மழை இல்லாத நாளும் ஒரு நாள்தான், சராசரியில் அதற்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் தாண்டி வந்தபின், முதல் எண்ணே 99999 ஆக இருந்தால்? ஒரு நாள் பதிவுகூட இல்லை. பூஜ்யத்தால் வகுக்கப் போய் ப்ரோக்ராம் கவிழும். அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று கேள்வியில் எழுதியிருக்காது. நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சராசரி வந்துவிட்டதா? அடுத்து மழை நாள்களை எண்ணுங்கள். வானிலைத் துறைக் கணக்கில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் அது மழை நாள். நம் பட்டியலில் மூன்று. பிறகு ஒரு புத்திசாலி, 'ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் அது டைப்பிங் தப்பு, தள்ளிவிடலாம்' என்று ஒரு வரி சேர்ப்பார். நல்ல யோசனை மாதிரிதான் தெரியும். 2015 டிசம்பர் 2-ஆம் தேதிக் காலைப் பதிவில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். அந்த வெள்ளத்தில் முடிச்சூரில் மாடிக்கு ஏறி நின்றவர்கள் யாராவது உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அந்தப் புத்திசாலியின் ப்ரோக்ராம் நினைவில் வைத்திருக்க வேண்டிய அந்த ஒரு நாளையே பிழை என்று அழித்துவிட்டிருக்கும். எந்த எல்லைக்கு மேல் நம்ப மாட்டேன் என்று ப்ரோக்ராமில் எழுதுவதற்கு ஊரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் தயாரான பயிற்சித் தாளில் இது கிடைக்காது.

அடுத்தது ஸ்டார் பேட்டர்ன். ரெக்கார்ட் நோட்டில் பக்கம் பக்கமாக நட்சத்திரத்தால் பிரமிடு கட்டியிருப்பீர்கள். எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை கிடையாது. பிள்ளைகள் லூப்பைப் புரிந்துகொள்ளாமல் பேட்டர்னையே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக உங்கள் பாட்டியிடம் போங்கள். மார்கழிக் கோலப் புத்தகத்தில் படத்துக்குக் கீழே 'ஊடுபுள்ளி 7–4' என்று போட்டிருக்குமே, அது என்ன என்று கேளுங்கள். நடு வரிசையில் 7 புள்ளி, மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைந்து 4-இல் நிற்க வேண்டும், ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார். இரண்டே இரண்டு எண்களிலும் ஒரு சொல்லிலும் முழு வடிவமும் அடங்கிவிட்டது. இப்படி ஒரு சுத்தமான ஸ்பெசிஃபிகேஷனைப் பல கம்பெனிகளில் நான் பார்த்ததில்லை.

கையால் போடுவோம். வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டு அச்சடித்தால், 7 புள்ளி வரிசைக்கு முன்னால் வெற்றிடம் வேண்டாம், 6-க்கு ஒன்று, 5-க்கு இரண்டு, 4-க்கு மூன்று. 'நேர்ப்புள்ளி 7–1' என்றால் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. வெற்றிடங்கள் 6, 4, 2, 0 என்று போகும். முதல் வகையில் ஒன்று ஒன்றாகக் குறைந்த வெற்றிடம் இங்கே ஏன் இரண்டு இரண்டாகக் குறைகிறது? இதற்கு வாயால் பதில் சொல்லிவிட்டீர்கள் என்றால் லூப்புக்குள் லூப் உங்களுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வகைக்கும் சேர்த்து ஒரே ப்ரோக்ராம் எழுதப் பாருங்கள்.

கோலத்தை விளையாட்டுக்காக இழுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலத்தை வரைவதற்கான இலக்கண விதிகளைப் பற்றி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி அறிவியலில் பட மொழிகள் என்ற துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. உங்கள் ரயில் தினமும் அந்தக் கல்லூரி இருக்கும் ஊரைத் தாண்டித்தான் வருகிறது.

ரயில் என்றதும் இன்னொன்று. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை நிலையங்களை ஒரு லிஸ்ட்டில் போடுங்கள். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் என்று போகும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் பொத்தேரி ஐந்தாம் இடம். 'லிஸ்ட்டில் ஐந்தாவதை எடு' என்று ப்ரோக்ராமில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இப்போது வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே கிளாம்பாக்கத்தைச் சேருங்கள். எரர் எதுவும் வராது. ப்ரோக்ராம் அமைதியாக உங்களைக் கூடுவாஞ்சேரியில் இறக்கிவிடும். எப்படி எழுதியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது என்று யோசியுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் கையை உயர்த்தாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு நல்ல பயிற்சி தமிழிலேயே இருக்கிறது, முதலில் உங்கள் பள்ளிப் பையிலேயே. தமிழ்நாட்டுப் பாடநூல் 2018-இல் மாறியபோது பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் அல்காரிதம் பற்றித் தனிப் பகுதி வைத்தார்கள். விவசாயி ஓநாயையும் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஆற்றைக் கடத்துகிற புதிரும், நிறம் மாறும் பச்சோந்திகளின் புதிரும் அதில்தான் வருகின்றன. அவை இரண்டும் தாளிலேயே தீர்க்க வேண்டியவை. தேர்வில் வராது என்று பல பள்ளிகளில் வேகமாகத் தாண்டியிருப்பார்கள். இன்ஜினீயரிங் சேர்ந்தபின் அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் படிப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான், செய்முறைக் கணக்குகளோடு. இரண்டும் இணையத்தில் இலவசம்.

2012 முதல் நடக்கும் 'கணியம்' மின்னிதழில் நித்யா துரைசாமி 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எழுதிய நூல்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பகிரலாம். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா உருவாக்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' தமிழிலும் கேட்கக் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம். அதில் எனக்குப் பிடித்தது பாடத்தைவிட முறை: திரையில் பாதி காணொளி, பாதி உங்கள் ப்ரோக்ராம், ஒரு வரி பார்த்தால் நிறுத்திவிட்டு அந்த வரியை நீங்கள் ஓட்ட வேண்டும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் 'பதிப்பி' என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நல்ல நுழைவாசல். கல்லூரிக்கு வந்தவர்கள் பைத்தானோடு இருப்பதே நல்லது. பயிற்சிக் கணக்கும் துணையும் அங்கேதான் அதிகம்.

சாட்ஜிபிடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நடுவரிசையில் சிரிப்பு கேட்கிறது. கேட்டால் ப்ரோக்ராமை முழுதாக எழுதித் தந்துவிடுகிறது, பிறகு பயிற்சி எதற்கு? நியாயமான கேள்வி. அது எழுதித் தந்த மழைக் கணக்கு பூஜ்யத்தை விட்டுவிட்டதா, 49 சென்டிமீட்டரை அழித்துவிட்டதா என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடிந்தால், தாராளமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அதை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். பத்து வரி ப்ரோக்ராம் ஒன்றில் ஒரு தவற்றை ஒளித்து வைத்துத் தரச் சொல்லுங்கள். விடையைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வரியிலேயே உளறிவிடும். ட்ரை ரன் போட்டு அந்தத் தவற்றைப் பிடியுங்கள்.

தனியாக உட்கார்ந்து போடப் பிடிக்காதவர்கள் ஆள்களைத் தேடிப் போகலாம். சென்னையில் பைத்தான் ஆர்வலர்களின் 'சென்னைபை' மாதாமாதம் கூடுகிறது. லினக்ஸ் ஆர்வலர்களின் சென்னைக் குழு உண்டு, காஞ்சிபுரத்திலும் ஒரு குழு உண்டு. கட்டணமும் இல்லை, என்ன படிக்கிறாய் என்று யாரும் கேட்பதும் இல்லை. புரியாததைப் புரியவில்லை என்று சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து காட்டிக்கொடுப்பார்கள்.

கேள்வி நேரத்துக்கு வந்துவிட்டோம். அதற்கு முன் கரும்பலகையில் 'ஊடுபுள்ளி 15–8' என்று எழுதியிருக்கிறேன், மொத்தம் எத்தனை புள்ளி என்று பாருங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் மூடி வைத்துவிடுங்கள். தாள் வேண்டியவர்கள் முன்வரிசையில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.